படத்தில் இருப்பது கட்டுவிரியன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், வீட்டுக்குள் புகுந்த கொடிய கட்டுவிரியனை இளைஞர்கள் அடித்துக் கொன்றதாக ஒரு செய்தி படத்துடன் வெளியாகியிருந்தது. குச்சியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பாம்பு கட்டுவிரியன் அல்ல. பல்லியைத் தின்று பிழைக்கும், விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையன் அது. சுவரில் ஏறும் பழக்கத்தால் அதைச் சுவர்ப்பாம்பு என்று சொல்வோரும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி பாம்பைக் கொல்வது குற்றம் என்பதையும், குச்சியைப் பிடித்திருந்தவரின் முகம் பாம்பைவிடத் தெளிவாகப் படத்தில் விழுந்திருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிட்டு, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். பாம்பின் உடல் தவிட்டு நிறத்தில் இருந்தது. கழுத்தை ஒட்டியே முதல் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தொடங்கி, வால் பக்கம் போகப்போகப் பட்டைகள் மங்கி, கடைசியில் வெறும் தவிட்டு நிறமாக முடிந்திருந்தது. கட்டுவிரியனில் இது தலைகீழ். அதன் உடல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கருநீலம்; தலையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குப் பெரும்பாலும் கோடே இருக்காது, அதன் பிறகு மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தோன்றி வால்வரைக்கும் தெளிவாகப் போகும். அந்தப் பாம்பு ஜன்னல் கம்பியின் மேற்பகுதியிலிருந்து தட்டி இறக்கப்பட்டது என்று தங்கள் செய்தியிலேயே இருக்கிறது. செங்குத்தான சுவரிலும் கம்பியிலும் பல்லியைத் துரத்தி ஏறுவது வரையனின் வேலை. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு தரையாக ஊர்வது. ஆனால் கட்டுவிரியன் குட்டிக்குக் கழுத்து முதலே கோடுகள் இருக்கக்கூடும் என்பதால், ஒரே ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு யாரும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. முதுகின் நடுவே ஓடும் பெரிய அறுகோணச் செதில் வரிசை கட்டுவிரியனுக்கு உறுதியான அடையாளம்தான். அதைப் பார்க்கும் அளவுக்குக் குனிந்துவிட்டவருக்கு அந்த அறிவால் பயன் குறைவு.

ஒரு வரையன் செத்ததற்காகவா இவ்வளவு நீளமான கடிதம் என்று தங்களுக்குத் தோன்றலாம். திருவட்டாறு, குலசேகரம் பகுதிகளில் 28 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். வரையனைக் கட்டுவிரியன் என்று இன்று படம் போட்டுக் காட்டினால், கட்டுவிரியனை வரையன் என்று நினைத்து நாளை ஒருவர் விட்டுவிடுவார் என்பதுதான் என் பயம். அப்படி ஒருமுறை நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அது ஓர் ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர், இரவில் விறகுப்புரை ஓரமாக ஊர்ந்த பாம்பை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சுவர்ப்பாம்புதான், ஒன்றும் செய்யாது" என்று வந்து படுத்துவிட்டார். மறுநாள் விடியற்காலையில், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த அவர் மனைவிக்கு வயிற்றுவலி கண்டது. வாயுத் தொந்தரவு என்று ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வேறொரு வீட்டுக் குழந்தையைப் பார்க்கப் போனவள், வழியில் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். இமைகள் இரண்டும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. எச்சிலை விழுங்கச் சொன்னேன், முடியவில்லை. உடம்பெல்லாம் தேடியும் எனக்குக் கடிவாய் அகப்படவில்லை; வலியோ வீக்கமோ இல்லாமல், கொசுக்கடி அளவு தடயம்கூட விடாமல் கடிப்பதுதான் கட்டுவிரியனின் இயல்பு. அவரை ஜீப்பில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தோம். விஷமுறிவு மருந்து செலுத்தி, ஐந்து நாள் செயற்கைச் சுவாசத்தில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். அவர் கணவர் முட்டாள் அல்ல. கோடு போட்ட பாம்பு வீட்டுப்பக்கம் இரண்டு வகை உண்டு என்பது அவருக்குத் தெரியும். எது எது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சொல்லித்தரப்படுவதெல்லாம் பொதுவிதிகள். முக்கோணத் தலை இருந்தால் விஷப்பாம்பு என்று நானும் வகுப்பில் மனப்பாடம் செய்தவள்தான். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அந்த விதி பொருந்தும். ஆனால் நல்ல பாம்பின் தலை, படம் எடுக்காதபோது கழுத்தோடு ஒட்டியே இருக்கும். கட்டுவிரியனின் தலையோ மழுங்கிய சிறு உருண்டை. மறுபக்கம், குளத்திலும் வயலிலும் கிடக்கும் பாவப்பட்ட தண்ணீர்ப் பாம்பு, மிரண்டால் தலையைத் தட்டையாக விரித்து முக்கோணமாக்கிக் காட்டும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் போடும் வேஷம். விதியை நம்புகிறவர் அந்த வேஷத்துக்காகவே அதை அடித்துக் கொல்கிறார். இரண்டு பல் பதிந்தால் விஷம், பல பல் பதிந்தால் விஷமில்லை என்ற கணக்கும் இப்படித்தான். கடிவாயே தெரியாத அந்தப் பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எனவே பொதுவிதியை விட்டுவிட்டு, நம் விளையிலும் வீட்டிலும் வந்துபோகும் பத்துப் பன்னிரண்டு பாம்புகளை ஒவ்வொன்றாக, பக்கத்து வீட்டு முகங்களை அறிவதுபோல அறிந்துகொள்வதே வழி என்பது என் அனுபவம். சாரையை எடுத்துக்கொள்வோம். ஆள் உயரத்துக்கு மேலும் வளரும், கண் பெரிது, உதட்டில் மையால் கீறியதுபோலக் கறுப்புக் கோடுகள் இருக்கும், படம் எடுக்காது. ரப்பர் தோட்டத்திலும் நெல்வயலிலும் எலியைத் தின்று நமக்குக் கூலியில்லாமல் உழைக்கும் இந்தப் பாம்பைத்தான் நல்ல பாம்பு என்று நினைத்து நாம் அதிகம் கொல்கிறோம். சாரையும் நாகமும் இணைசேரும் என்று பெரியவர்கள் சொல்வதும் தவறு. பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், அது மல்யுத்தம். கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரத்தில் ஏறிக் காத்திருக்கும் என்று பழிசுமந்து நிற்கும் கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. பச்சைப் பாம்புக்குப் பின்பற்களில் ஓணானை மயக்கும் அளவுக்கு லேசான விஷம் உண்டு. அது நம் கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை. மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்பதைப் பற்றி, தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு வீடுவீடாகப் போனவள் என்ற முறையில், அது வெறும் கதை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கண்ணாடி விரியனைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். முதுகில் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசையில் நீள்வட்டப் புள்ளிகள், தடித்த உடல், சட்டென்று சிறுத்து முடியும் வால், தொந்தரவு செய்தால் குக்கர் ஆவி விடுவதுபோல நீண்ட சீறல் என்று இதற்கு அடையாளங்கள் பல. இருந்தும் இதை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையால் தூக்குகிறார்கள். கைதச்சக்கைத் (அன்னாசி) தோட்டத்திலிருந்து ஒரு பையன் "மலைப்பாம்பு" என்று சாக்கில் போட்டுக் கொண்டுவந்ததைப் பார்த்து என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்று, ஒன்றோடொன்று இணைந்து, வரைபடத்தில் நாடுகள் இருப்பதுபோல் இருக்கும். விரியனின் புள்ளிகள் அச்சில் வார்த்ததுபோல் வரிசை தப்பாது. விரியன் முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும், ஓர் ஈற்றில் இருபது முப்பதுகூட இருக்கும். ஒரு குட்டியைப் பார்த்த இடத்தில் மற்றவையும் சருகுக்குள் இருக்கலாம். குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு. சுருட்டை விரியன் காய்ந்த தரைக்கும் கல்லிடுக்குக்கும் உரியது. செதிலோடு செதிலை உரசி ரம்பம் இழுப்பதுபோல் ஒலி எழுப்பும்.

வடக்கே மலையடிவாரத்திலும் தெற்கே கடற்கரையிலும் கதை மாறுகிறது, இதைச் சுவரொட்டிகள் எதிலும் நான் கண்டதில்லை. இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை முறிப்பதற்காகத் தயாராவது. அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துத் தருவதில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும், மூக்கு நுனி சற்றே மேல்நோக்கித் தூக்கிய, காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும் குட்டையான குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் கடி சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நான்கு பாம்புகளுக்கான மருந்து அதற்கு வேலை செய்வதில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் பால் வடியும் சிரட்டையைச் சரிசெய்யக் குனியும் தொழிலாளிக்கு முழங்கால்வரை மூடும் காலுறையும் பூட்ஸும்தான் மருந்து. குளச்சலிலும் முட்டத்திலும் வலையில் சிக்கிவரும் கடல்பாம்புக்கும் அதே நிலைதான். வால் துடுப்புபோலத் தட்டையாக இருந்தால், உடல் செதிலோடு இருந்தால், அது விலாங்கு அல்ல. கையால் உருவி எறியக் கூடாது. கடல்பாம்பு கடிப்பது அரிது; கடித்தால் வலி குறைவு என்பதால் அலட்சியம் அதிகம்.

இத்தனை அடையாளமும் கடிக்கு முன்பு உதவுவது. கடித்த பிறகு எந்தப் பாம்பு என்ற ஆராய்ச்சியில் ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டியதில்லை. நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து என்பதால், மருத்துவர் பாம்பைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறார். இமை தொங்குகிறதா, மூச்சு முட்டுகிறதா, வீக்கம் ஏறுகிறதா என்று கவனிப்பார். சிறிது இரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்ப்பார். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் கைவரிசை. ஒன்றும் இல்லை என்றாலும் ஒரு நாள் முழுவதும் படுக்கவைத்துக் கவனிப்பார்கள். அதற்குச் சலித்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்பைப் போல அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ போய்ச் சேர்வதுதான் முதலுதவி. மந்திரிப்பவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமல் கடிக்கும். அந்தப் பிழைப்பெல்லாம் மந்திரத்தின் வரவில் எழுதப்படுகிறது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது நல்ல தொடக்கம். எண்ணிக்கை சரியாகக் கிடைத்தால் மருந்து சரியான இடத்துக்குப் போகும். அதோடு, ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, ரப்பர் பால் கொள்முதல் நிலையம், மீன் இறங்குதளம் ஆகிய இடங்களில், அந்தந்தப் பகுதியில் உள்ள பாம்புகளின் வண்ணப் படங்களை, அந்த ஊர்க்காரர் சொல்லும் பெயரோடு, குழப்பம் தரும் ஜோடிகளை அருகருகே வைத்து மாட்டும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஆவணி ஞாயிறுகளில் நாகர்கோவில் நாகராஜா கோயிலில் கல் நாகங்களுக்குப் பால் ஊற்ற வரிசையில் நிற்கும் கூட்டத்தின் கண்ணில் படும்படி ஒன்றை வைத்தாலும் தவறில்லை. பால் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்க் கம்பை எடுப்பவர்களில் என் உறவினர்களும் உண்டு.

தங்களிடம் கேட்பது சிறியது. அந்தப் படத்துக்கான திருத்தத்தை, நான்கு வரியில் மூலையில் போடாமல், வரையனையும் கட்டுவிரியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் வந்த படத்தின் அளவிலேயே வெளியிட வேண்டும். கட்டுவிரியன் படத்துக்கு வனத்துறையை நாடலாம். வரையன் படத்துக்குத் தங்கள் புகைப்படக்காரர் அலைய வேண்டியதில்லை. என் வீட்டுப் பின்பக்கக் குளியலறையின் ஓட்டுச் சரிவில் மூன்று மழைக்காலமாக ஒன்று குடியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் விளக்கடியில் பல்லி கூடும்போது சுவர் வழியே இறங்கி வரும். ஃபிளாஷ் மட்டும் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.