உன் அப்பா வேலை பார்த்த ஸ்டேஷன்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? கோயம்புத்தூர் குளிரில் விடிகாலையில் எழுந்து வாசல் தெளிக்காதே, மருமகள் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நல்ல செய்தி. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆன்லைனில் நடத்துகிற வழிகாட்டிப் பயிற்சியைச் சின்னவள் முடித்துவிட்டாள். வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டதும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் வெங்காயம் உரித்தபடி நானும் கேட்டேன். வெளிநாட்டுக்காரர்களை வரவழைக்க 2002-ல் 'இன்க்ரெடிபிள் இந்தியா' ஆரம்பித்தது நமக்குத் தெரியும். நம்மவர்களே நம் நாட்டைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று 2020-ல் 'தேகோ அப்னா தேஷ்' வந்தது. ஊர்களை ஒரே சரடாகக் கோத்துப் பணம் ஒதுக்குவதற்கும் ஒரு திட்டம் இருந்தது. அப்படி 2016-17-ல் சென்னை, மாமல்லபுரம், ராமேஸ்வரம், மணப்பாடு, கன்னியாகுமரி என்று கடலோரமாகக் கோத்தார்கள். காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் புனிதத் தலங்களுக்கான 'பிரசாத்' திட்டத்தில் வருகின்றன. மாமல்லபுரத்துக்கு வருகிற கூட்டத்தைக் கேட்டால் அசந்துபோவாய். 2021-22-ல் தாஜ்மகாலைவிட அங்கேதான் வெளிநாட்டினர் அதிகம்.

எனக்கு ஆதங்கம் ஒன்றுதான். அந்தச் சரட்டில் சென்னை என்று இருக்கிறதே, அதில் நம்ம வடசென்னைப் பக்கம் எங்கே? ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்கள் நேராக ஈசிஆர் பிடித்துவிடுகிறார்கள். பாரிமுனை தாண்டி வடக்கே வருகிறவர்கள் சொற்பம். நம்ம பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை புனேயிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள், சின்னவள் ஆபீசில் யாருக்கோ சொந்தம். முதலில் தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில். 1677-ல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து கும்பிட்டதாகச் சொல்வார்கள் என்று சின்னவள் சொன்னதும் அந்த அம்மாள் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். எத்தனை கோடிக்கு விளம்பரம் செய்தாலும் அது வருமா, சொல்!

அப்புறம் ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூலை 1, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது என்று படித்ததை ஒப்பித்தாள். அவர்கள் தூண்களை ரெண்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உன் அப்பா கதையைச் சொல்லிவிட்டேன். கல்மண்டபத்திலிருந்து விடியும் முன்னே டிபன் கேரியரோடு நடந்து வருவது, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதுவது, சாயங்காலம் காது மடலில் பென்சில் அப்படியே இருக்க வீடு திரும்புவது. சின்னவள் இந்தியில் சொல்லச் சொல்ல, அரை மணி நேரம் நின்றார்கள். எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவார் என்று அந்த மனிதர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் பசிக்கு செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ. கடைக்கார அம்மாள் ஆரஞ்சு நிற நூடுல்ஸோடு கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே தட்டையை நொறுக்கிப் போட்டார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மா சாப்பாடு இங்கே எப்படி என்று கேட்டதற்கு, அறுபதுகளில் தாத்தா பாட்டி ரங்கூனிலிருந்து கப்பலில் வந்திறங்கியதை, கை பிசைந்துகொண்டே இருக்க, சொன்னார்.

பயிற்சியில் வரலாறு கற்றுத்தருகிறார்கள், விருந்தாளியிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுத்தருகிறார்கள். எல்லாம் நல்ல பாடம்தான். ஆனால் இந்த மாதிரிக் கதை நம்ம வீடுகளில்தானே கிடக்கிறது! அதை நாம் எடுத்துக் கொடுத்தால்தான் இந்தப் பிள்ளைகள் சொல்ல முடியும்.

அதனால் உனக்கு ஒரு வேலை. அப்பா ஸ்டேஷனைப் பற்றிச் சொன்னது எது ஞாபகம் வந்தாலும் எழுது. அவர் உட்கார்ந்த இடம், கூட வேலை பார்த்தவர்கள், மழைக்காலத்தில் மூட்டை நனையாமல் என்ன செய்தார்கள், எல்லாம். டிரங்குப் பெட்டியில் ரயில்வே சட்டையோடு அவர் போட்டோ ஒன்று இருந்ததே, அதைப் பேரனிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பு. அடுத்த மாதம் இன்னும் நாலு பேர் வருகிறார்களாம், சின்னவள் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் ராயபுரத்துத் தோழி