‘சில்ட்ரன்ஸ்’ என்று சொன்ன அம்மாவுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வரும் ஆங்கிலப் பாடத்தைக் கத்தரித்து, பேத்திக்காக வாராவாரம் நோட்டில் ஒட்டி வைப்பவன் நான். சென்ற வாரப் பாடத்தை ஒட்டவில்லை. பள்ளிக்கூடக் கூட்டத்தில் ‘மை சில்ட்ரன்ஸ்’ என்று சொல்லிவிட்ட ஒரு தாயைப் பத்து வரிக்குக் கிண்டல் செய்த பாட ஆசிரியர், ‘எண்ணக்கூடியது எது, எண்ண முடியாதது எது என்ற பேதமே தமிழில் கிடையாது, அதனால்தான் நம்மவர்கள் கண்டதற்கெல்லாம் எஸ் போடுகிறார்கள்’ என்று முடித்திருக்கிறார்.

ஐயா, நான் கும்பகோணம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 36 ஆண்டு கணக்கு எழுதியவன். ‘ரெண்டு கிலோ அரிசிகள் போடுங்க’ என்று யாராவது கேட்டு அவர் காதால் கேட்டிருக்கிறாரா? அவர் வீட்டில் பால்களைக் காய்ச்சி, உப்புகளைப் போட்டுத்தான் சமைக்கிறார்களா? அரிசியை யாரும் எண்ணுவதில்லை, மூட்டையைத்தான் எண்ணுவோம். இல்லையென்றால் படி, மரக்கால், கைப்பிடி. ஆங்கிலத்தில் ‘எ பேக் ஆஃப் ரைஸ்’ என்பதும் இதேதான். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவையை நான்காகப் பிரித்து வைத்த மொழிக்குப் பேதம் தெரியாதாம்!

இன்னொன்று. என் பேரேட்டில் ‘200 மூட்டை வரவு’ என்றுதான் இருக்கும். எண் வந்துவிட்ட பிறகு ‘கள்’ எதற்கு? பத்து மாடு, நாலு தேங்காய், அவ்வளவுதான். ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூலில் படித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கண்டதற்கெல்லாம் ‘கள்’ போடுவது உங்கள் நிருபர்கள்தான்: ‘ஐந்து பேர்கள் கைது’. இதைப் பற்றி இரண்டு முறை எழுதினேன். ஒரு கடிதம் அச்சில் வரவே இல்லை. மற்றதைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். வெட்டியது காரணம் சொன்ன பாதி.

சரி, பாட ஆசிரியர் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எக்விப்மெண்ட்ஸ்’ எல்லாம் நம் வாயில் வரத்தான் செய்கின்றன. தகவல்கள், கருவிகள் என்று தமிழில் சொல்லிப் பழகிய நாக்கு. அதற்காகப் பேதம் தெரியாது என்று ஆகிவிடுமா? இரண்டு மொழியும் கோடு கிழித்த இடம் வேறு, அவ்வளவுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த என் சகலையிடம் கேட்டேன். பிரெஞ்சில் தகவல், அறிவுரை, மேசை நாற்காலி, பயணப் பெட்டி எல்லாவற்றுக்கும் பன்மை உண்டாம். அப்படியானால் ஆங்கிலம் பழகும் பிரெஞ்சுக்காரரும் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்றுதானே தடுக்கி விழுவார்? அவரை நாம் கிண்டல் செய்ய மாட்டோம். அவர் வெள்ளைக்காரர்.

என் பேத்திக்கு ‘லக்கேஜ்’ என்றால் மூட்டை முடிச்சு, ‘ஃபர்னிச்சர்’ என்றால் தட்டுமுட்டுச் சாமான் என்று சொன்னேன். ‘மூட்டை முடிச்சுகள்னு யாரும் சொல்றதில்லையே தாத்தா’ என்றாள். அதற்கப்புறம் அந்த இரண்டு சொல்லுக்கும் அவள் ‘எஸ்’ போட்டதில்லை.

1983இல் ஆலைக்காக நான் எழுதிய ஒரு கடிதத்தில் ‘அட்வைசஸ்’ என்று இருந்ததை ஒரு வங்கி அதிகாரி சிவப்பு மையில் வட்டம் போட்டு, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி வாசித்தார். புத்திமதி என்றால் ‘எஸ்’ கிடையாது. வங்கி அனுப்பும் வரவு அறிவிப்புச் சீட்டு என்றால் உண்டு. நான் எழுதியது சீட்டைப் பற்றி. அன்றைக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அந்தத் தாயும் அப்படித்தான் வீட்டுக்குப் போயிருப்பார்.

அவர் செய்த குற்றம்தான் என்ன? ‘சைல்டு’க்குப் பழைய ஆங்கிலத்திலேயே ‘ர்’ வரும் ஒரு பன்மை இருந்தது. அது போதாதென்று ‘ஆக்ஸ்’ (எருது) என்பதன் பன்மையான ‘ஆக்ஸன்’ என்பதில் வரும் அந்த ‘என்’னையும் சேர்த்து ‘சில்ட்ரன்’ ஆக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் இரண்டு போட்டார்கள், இவர் மூன்றாவதாக ஒன்று போட்டார். நாம் மட்டும் என்ன? தொல்காப்பியர் அஃறிணைக்குச் சொன்ன ‘கள்’ளைப் பிறகு மனிதர்களுக்கும் ஒட்டினோம். ‘அவர்’ என்பதே பன்மை, அதன்மேல் ஒரு ‘கள்’. வள்ளுவரே 263ஆம் குறளில் ‘மற்றையவர்கள்’ என்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், இந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பாருங்கள். ‘ஆசிரியர்’ என்பதில் ஓர் ‘அர்’, ‘அவர்’ என்பதில் இன்னோர் ‘அர்’, கடைசியில் ‘கள்’. மூன்று பன்மை விகுதி போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன். நீங்கள் ஒருவர்தானே?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போன மாதப் பயிற்சியில் 7ஆம் கேள்விக்கு ‘ஃபிஷஸ்’ தவறு என்று விடை போட்டிருந்தீர்கள். பல வகை மீன்களைச் சொல்லும்போது அது சரியான சொல். ஒரு வரி திருத்தம் போட்டால் போதும், பேத்திக்கு ஒரு மதிப்பெண் திரும்பக் கிடைக்கும். அப்புறம், விடைகளைத் தலைகீழாக அச்சிடுவதை நிறுத்தினால் நல்லது. நோட்டில் ஒட்டிய பிறகு அவள் நோட்டைக் கவிழ்த்துப் பிடித்துப் படிக்கிறாள்.

இப்படிக்கு,
வாசகன்,
கும்பகோணம்.