நீ அடித்துவிட்ட வரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தின் நடுவில் நீ அடித்துவிட்டிருந்த வரியை விளக்கின் முன் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே நீ அடித்ததைத்தான் நான் முதலில் படிப்பேன் என்பது உனக்குத் தெரியாததா? துறைத்தலைவர் பொறுப்பை ஏற்ற செய்தியை இரண்டு பக்கத்துக்கு எழுதி, புது அறை, மேசையில் குவியும் கோப்புகள், மாறிவிட்ட வணக்கங்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் நடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதி, அதை மட்டும் அடித்திருக்கிறாய். கடிதம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான் என்பதால் என் பதிலும் பெரும்பாலும் அதற்கே.

என் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணாடி மாற்றியாயிற்று, இனி உன் கையெழுத்தைக் குறை சொல்ல எனக்குக் காரணம் இல்லை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது என்று வெளியே சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்தில், தணிக்கைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தரும் வேலை என்னிடம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உன் வரியை நானும் அப்போது மனத்துக்குள் எழுதி அடித்தவள்.

எனக்கு முன் அந்தப் பயிற்சியை நடத்தியவர் ஓய்வுபெறும்வரை பெயர் பெற்றவராக இருந்தார். அவர் வகுப்பில் இருந்து கற்றவர்களில் நானும் ஒருத்தி. முதல் சில மாதங்கள் வகுப்பு நன்றாகவே போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், வர முடியாமல் போனவர்களுக்காகப் பதிவு செய்த ஒலிப்பதிவை வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "சரிதானே?" என்று ஒரு கேள்வி, பிறகு யாரும் பதில் சொல்வதற்குள் ஒரு சிறு செருமல், பிறகு "ஆக" என்று தொடங்கும் அடுத்த வாக்கியம். அந்தச் செருமல் அவருடையது. எனக்குத் தொண்டையில் ஒரு தொந்தரவும் கிடையாது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் தொண்டையில் இருந்த கரகரப்பை நான் வகுப்பெடுக்கும் முறையோடு சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். பதிவை நிறுத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் குரல் எது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது என்ற எண்ணம் அன்று என்னை மிகவும் கலக்கிவிட்டது.

"நீ நீயாக இரு" என்று அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. எந்த நான்? அம்மாவிடம் ஒருத்தி, மகளிடம் ஒருத்தி, உன்னிடம் வேறொருத்தி. புதிய பொறுப்பில் உட்காரும் நாளில் அதற்குரிய "நான்" இன்னும் உருவாகியே இருக்காது. உருவாகாத ஒன்றுக்கு உண்மையாக இருப்பது எப்படி? எர்மினியா இபார்ரா என்ற ஆய்வாளர், ஆலோசனை நிறுவனங்களிலும் முதலீட்டு வங்கிகளிலும் மேல்நிலைப் பொறுப்புகளுக்கு நகர்ந்துகொண்டிருந்தவர்களைப் பற்றி 1999-இல் எழுதிய கட்டுரையில், அவர்கள் மூத்தவர்களைக் கவனித்து, அவர்களுடைய பாவனைகளைத் தாமும் அணிந்து பார்த்து, தமக்குள் என்ன தோன்றுகிறது, பார்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்து, கொள்ள வேண்டியதைக் கொண்டு தள்ள வேண்டியதைத் தள்ளினார்கள் என்று காட்டியிருக்கிறார். அப்படி அணிந்து பார்ப்பவற்றை அவர் தற்காலிகச் சுயங்கள் என்கிறார். இதைப் படித்தபோது எனக்குப் பாதி பாரம் இறங்கிற்று. இரவல் சட்டையைப் போட்டுப் பார்ப்பதில் பொய் ஒன்றும் இல்லை. தைத்ததும் நான்தான் என்று சொல்லத் தொடங்கும்போதுதான் பொய் நுழைகிறது.

மீதிப் பாதி இறங்கியது ஒரு வகுப்பில். பின் வரிசையில் எப்போதும் எதையோ குறித்துக்கொண்டே இருக்கும் ஒரு பெண் கையை உயர்த்தி, ஆண்டுக் கணக்கை முடித்துவிட்ட பிறகு பழைய பதிவு ஒன்றை ரத்து செய்தால் நம் மென்பொருளில் அது எந்த ஆண்டில் போய் விழும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையை எப்போதும் கீழே இருக்கும் யாராவது செய்துவிடுவார்கள். நான் கையெழுத்து மட்டும் போடுவேன். எனக்கு முன் பயிற்சி நடத்திய பெரியவருடைய பாணியில் அதற்கும் ஒரு வழி இருந்தது: "நல்ல கேள்வி, பிறகு அதற்கு வருவோம்" என்று சொல்லிவிட்டு வராமலே இருப்பது. வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செருமல்கூட வந்துவிட்டது. ஏனோ அன்று, "எனக்குத் தெரியவில்லை, நாளைக் காலை சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். காது மடல் இரண்டும் கொதித்தன. எழுதுபலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த தலைப்பின் கீழ் இரண்டாம் முறை கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை.

அன்று மாலை அந்த மென்பொருளில் நானே ஒரு பதிவை ரத்து செய்து பார்த்தேன். முடித்த ஆண்டைத் தொடாமல் நடப்பு ஆண்டில் எதிர்ப்பதிவாக விழுகிறது. மறுநாள் சொன்னேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான். சில மாதங்கள் கழித்து, அன்று நான் திணறியதைப் பற்றி அவளிடமே வேடிக்கையாகப் பேச்செடுத்தபோது அவளுக்குப் பதில் நினைவிருந்தது. நான் திணறியது நினைவில் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று சொன்னால் சிரிப்பாய். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குச் சாட்சி. கூச்சப்படும்படியாக ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை அணியச் செய்து மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கிறவர்கள் தங்கள் பனியனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நீ எழுதி அடித்த உணர்வுக்கு இப்போது எல்லோரும் இம்போஸ்டர் சின்ட்ரோம் என்று பெயர் சொல்கிறார்கள். 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், தொழிலிலும் படிப்பிலும் உயர்ந்து நின்ற 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகி அறிந்ததை வைத்து இதை முதன்முதலில் விவரித்தார்கள். பட்டமும் பதவியும் பாராட்டும் இருந்தும், எல்லாம் அதிர்ஷ்டத்தால் வந்தது, தேர்ந்தெடுத்தவர்கள் தவறாக எடைபோட்டுவிட்டார்கள், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அந்தப் பெண்கள் அஞ்சினார்கள். அவர்கள் வைத்த பெயரில் சின்ட்ரோம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனி. அதை நோய்க்குறி ஆக்கியது பின்னால் வந்தவர்கள். நோய் என்று சொல்லிவிட்டால் குணமாகும்வரை காத்திருக்கத் தோன்றும். நீ காத்திருக்க முடியாது, உனக்குத் திங்கட்கிழமை கூட்டம் இருக்கிறது.

ஆகையால் என் தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். இருப்பாய்வில், அதாவது எல்லாக் கணக்குகளின் இருப்பையும் ஒரே பட்டியலில் எடுத்து எழுதிக் கூட்டிப் பார்க்கும்போது, பற்றுக் கூட்டலும் வரவுக் கூட்டலும் சேரவில்லை, எங்கே பிழை என்று உடனே கண்டுபிடிக்கவும் முடியவில்லை என்றால், வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கு என்று ஒரு தலைப்பில் போட்டு வைத்துவிட்டு வேலையைத் தொடர்வோம். பிழை கிடைக்கக் கிடைக்க அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வந்து தீரும். இதில் இரண்டு நியதிகள் உண்டு. வித்தியாசத்தை மறைத்து இரண்டு பக்கமும் சமம் என்று காட்டக் கூடாது. அனாமத்தில் எழுதும்போது தொகையைத் துல்லியமாக எழுத வேண்டும். "ஏதோ சரியில்லை" என்று அங்கே எழுத இடம் கிடையாது. நம் ஐயத்தில் நாம் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது நியதியில்தான். "எனக்குத் தகுதி இல்லை" என்பது தொகை குறிப்பிடாத பதிவு. அதை எவராலும் நேர்செய்ய முடியாது. "நிதி ஒதுக்கீட்டு விதிகள் எனக்குத் தெரியாது", "மூத்த பேராசிரியரிடம் மறுத்துப் பேச எனக்கு வரவில்லை" என்பவை தொகையோடு கூடிய பதிவுகள். முதலாவதற்கு ஒரு வார வாசிப்பு போதும். இரண்டாவதற்கு ஓர் ஆண்டுகூட ஆகலாம், ஆகட்டும். உன் கடிதத்தில் நீ சொல்லியிருக்கும் ஐயங்களை எண்ணிப் பார்த்தேன். தொகையோடு இருப்பவை மூன்றுதான். மற்றவை வெறும் புகை.

"உன்னால் முடியும்" என்று நான் இங்கே ஒரு பக்கம் எழுதலாம். எழுதவில்லை. ஆல்பர்ட் பண்டூரா 1977-இல், தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்தது, பிறர் செய்யக் கண்டது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், அந்த நேரத்தில் உடல் படும் பதற்றமோ அமைதியோ. இவற்றில் தானே செய்து முடித்ததற்குத்தான் வலிமை அதிகம் என்றார். ஊக்கச் சொல் சீக்கிரம் வடிந்துவிடும். நீ என்னைப் புகழ்ந்து எழுதிய கடிதங்கள் என் பெட்டியில் இருக்கின்றன, எடுத்துப் படித்தால் சுகமாகவும் இருக்கிறது; ஆனால் வகுப்புக்குள் நுழையும்போது எனக்குத் துணைக்கு வருவது அந்த ஒரு மாலை ரத்து செய்து பார்த்த பதிவுதான்.

ஐயம் தீர்ந்த பிறகு தொடங்கலாம் என்று நினைத்திருந்தால் நம் மொழியில் பல நூல்கள் தொடங்கியே இருக்கமாட்டா. வகுப்பில் அவையடக்கம் படித்தது உனக்கு நினைவிருக்கிறதா? பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று கரையில் போய் நின்ற பூனையைப் போல் இந்தக் கதையைச் சொல்ல ஆசைப்பட்டேன் என்று கம்பர் தொடங்குகிறார். அப்போது நாம் அதை மரபு என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிக்கொண்டோம். இப்போது எனக்கு அது வெறும் மரபாகத் தோன்றவில்லை. கடலின் அளவைப் பார்த்தவர் பேசும் பேச்சு அது. பேசி முடித்துவிட்டு அவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார். பூனையைப் பாயிரத்திலேயே விட்டுவிட்டார், பாடலுக்குப் பாடல் கூட்டி வரவில்லை. நீயோ நானோ கம்பர் இல்லைதான். இருந்தாலும் பூனையை எங்கே விட வேண்டும் என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

செருமலைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். "சரிதானே?" என்று கேட்பதை விட்டுவிட்டேன், அது எனக்குப் பொருந்தவில்லை. "ஆக" போகவில்லை; அது இப்போது என்னுடையது. செருமல் எப்போதாவது வருகிறது, வந்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பயிற்சி முடிவில் பேச எழுந்து, "ஆக" என்று தொடங்கினான்.

திங்கட்கிழமைக் கூட்டம் எப்படிப் போயிற்று என்று விரிவாக எழுது. அந்த மூன்று தொகைகளில் எதையாவது நேர்செய்தாயா என்பதையும் எழுது. வரிகளை அடிக்காதே, அடித்தே ஆக வேண்டுமென்றால் இன்னும் அழுத்தி அடி, புதுக் கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி