இருபதாவது எண் வரும்போது

ஆப்பிள்டன், விஸ்கான்சின்
பிப்ரவரி 15, 2026

அன்புள்ள செந்திலுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாட்ஸ்அப்பில் திட்டியது போதாதென்று நாலு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறாய். அந்த நாலில் மூன்று பக்கம், உங்கள் டல்லாஸ் கவ்பாய்ஸிடமிருந்து எங்கள் கிரீன் பே பேக்கர்ஸ் வாங்கிய அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கா பார்சன்ஸின் முழங்கால். அதைப் படிக்கும்போது என் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜனவரியில் வாசல் பனியைத் தள்ளும்போது திருகிக்கொண்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, வாரம் இரண்டு நாள் ஃபிசியோதெரபி. உடனே போன் செய்து என்னையும் பார்சன்ஸையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடாதே.

ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் உன் மைத்துனருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரியா என்று கேட்டாராமே. இல்லை, இதில் பணம் பேசாது, வரிசைதான் பேசும். போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் மொத்தம் 32 அணிகள், டிராஃப்டில் ஏழு சுற்றுகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். பையனுக்கு எந்த ஊர் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த முறை 1936-இல் தொடங்கியது. அந்த வருஷம் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டமே வேண்டாம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். தொடக்கமே அப்படி என்றால் மற்றதை அவரே ஊகித்துக்கொள்ளட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஏமாந்துவிட்டோம் என்கிறாய். பார்சன்ஸுக்காக, டிராஃப்டில் எங்களுக்கு வரவேண்டிய இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், நடுவில் நின்று தடுக்கும் கென்னி கிளார்க்கையும் உங்களுக்குக் கொடுத்தோம். அதற்கு மேல் அவருக்கு நான்கு வருஷத்துக்கு 188 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அவர் 14 ஆட்டம் ஆடி, டிசம்பர் 14 அன்று டென்வரில் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். அப்போது 9 வெற்றி, 3 தோல்வி, ஒரு டிரா என்று இருந்த நாங்கள் அந்த ஆட்டத்தையும் சேர்த்து வரிசையாக நான்கில் தோற்றோம். எப்படியோ ப்ளேஆஃப் போய், சிகாகோவில் பாதி ஆட்டத்தில் 21-3 என்று முன்னால் நின்று, கடைசியில் 31-27 என்று தோற்றோம். அன்று இரவு இந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சும்மா சொல்கிறேன், பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கேட்டால், அந்த வியாபாரத்தை நான் திரும்பவும் செய்வேன். ஆடிய 14 ஆட்டத்தில் பன்னிரண்டரை சாக், அதாவது பந்தை எறிய நிற்கும் எதிரணி ஆளை, அவர் எறிவதற்குள் பிடித்து வீழ்த்துவது. செப்டம்பர் 28 உனக்கு ஞாபகம் இருக்குமே. உன் வீட்டு சோபாவில், உன் மனைவி சுட்ட மிளகாய் பஜ்ஜியை நடுவில் வைத்துக்கொண்டு பார்த்தோம். 40-40. கால்பந்தில் டிரா பார்ப்பதற்காகவா நான் விமானம் ஏறி வந்தேன்! ஆனால் ஓவர்டைமில் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை எறியும் உங்கள் டாக் ப்ரெஸ்காட்டைத் துரத்திப் பிடித்து, பந்து கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆகாமல் மூன்று புள்ளியோடு நிறுத்தியது யார்? நீ அப்போது பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாய். பார்க்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாய்.

நீ எழுதியதில் என்னை உறுத்திய வரி வேறொன்று. ‘உங்கள் அணிக்கு என்ன தேவை என்றே உங்கள் ஆட்களுக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்தாய். இந்தத் தேவை என்ற சொல்லைப் பற்றித்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃபிசியோவில் காலை நீட்டி அரை மணி நேரம் படுத்திருந்தால் வேறென்ன செய்வது?

2020 ஏப்ரலை எடுத்துக்கொள். கொரோனா அடைப்பு, எல்லாரும் வீட்டில். ஜனவரியில்தான் அரையிறுதி மாதிரியான ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோற்றிருந்தோம். எங்களுக்கு என்ன தேவை என்று இந்த ஊர் மளிகைக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். எறிகிற பந்தை ஓடிப் பிடிக்க ஒரு ரிசீவர். அந்த வருஷம் ரிசீவர்கள் மழையாய்க் கொட்டினார்கள். 17-ஆவதாக சீடீ லாம் உங்களுக்கு, 22-ஆவதாக ஜஸ்டின் ஜெஃபர்சன் மினசோட்டாவுக்கு. எங்கள் ஜெனரல் மேனேஜர் பிரையன் குடகுன்ஸ்ட் என்ன செய்தார்? கையிலிருந்த 30-ஆவது இடத்தோடு நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் கொடுத்து 26-க்கு ஏறினார். ஏறிப்போய் எடுத்தது ஜோர்டன் லவ், பந்தை எறியும் ஒரு குவார்ட்டர்பேக்! அதே இடத்தில் ஆரோன் ராட்ஜர்ஸ் கல்லுமாதிரி நிற்கும்போது. ஏழு சுற்றிலும் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை. நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் அந்த மேனேஜரைத் திட்டியதை எழுத்தில் போட முடியாது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். புது ஆள் வந்த கோபமோ என்னவோ, ராட்ஜர்ஸ் அடுத்த இரண்டு வருஷமும் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கினார். லவ் மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தார். 2024 ஜனவரியில், ஆர்லிங்டனில், உங்கள் வீட்டு மைதானத்தில், உங்களை 48-32 என்று அனுப்பிவைத்தது அந்தப் பையன்தான். நான் வேண்டவே வேண்டாம் என்று திட்டிய அதே பையன்.

இப்போது உன் வீட்டுக் கதை. 2021-இல் உங்களுக்குத் தேவை, எதிரணி ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் என்று நீதானே தினமும் புலம்பினாய்? உங்கள் கையில் 10-ஆவது இடம். ஜேசி ஹார்ன் எட்டாவதாகவும் பேட்ரிக் சர்டெய்ன் ஒன்பதாவதாகவும் போய்விட்டார்கள். நல்ல கார்னர் இரண்டு பேரும் கண்ணெதிரே காலி. வேறு வழியில்லாமல் இரண்டு இடம் கீழே இறங்கி 12-இல் ஒருவரை எடுத்தீர்கள். அந்த ஒருவர்தான் பார்சன்ஸ். நீங்கள் தேடிப்போனது கிடைக்காததால் கிடைத்தவர். அந்த ராத்திரி நீ எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தி என்ன தெரியுமா? ‘மறுபடியும் சொதப்பிவிட்டார்கள்.’ பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என் தாத்தா சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குப் போய்விட்டு வந்த கதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வண்டி மாட்டில் ஒன்று நொண்டிப் போயிருந்தது. ஜோடி சேர்க்க ஒரு காளை வேண்டும். மூன்று நாள் சந்தையில் தங்கி, பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி, கடைசியில் ஒரு சினைக் கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். பாட்டி ஒரு வாரம் பேசவில்லை. காளை எங்கே என்று கேட்டால், ‘வந்ததில் இதுதான் மாடு’ என்றார் தாத்தா. அந்தக் கிடாரியின் கன்றுகள்தான் பின்னால் எங்கள் தொழுவத்தை நிரப்பின. ஆனால் அந்த வருஷம் முழுக்க வண்டிக்கு மாமா வீட்டு மாட்டைக் கடன் வாங்கித்தான் ஓட்டினோம். பாட்டி அதையும் மறக்கவில்லை.

இந்த மாதக் கடைசியில் இண்டியனாபோலிஸில் நடக்கப்போகும் கம்பைன், அதாவது டிராஃப்டுக்கு முன் பையன்களைச் சோதித்துப் பார்க்கும் முகாம், அதே சந்தைதான். உள்ளங்கை எத்தனை அங்குலம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் தாண்டுகிறான், 40 கெஜம் எத்தனை நொடி. போன வருஷம் 4.29 நொடியில் ஓடிய மேத்யூ கோல்டனை நாங்கள் 23-ஆவதாக எடுத்தோம். டிராஃப்டே எங்கள் கிரீன் பேயில் நடந்தது. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு மூன்று நாளில் ஆறு லட்சம் பேர். நானும் மகளும் முதல் நாள் லாம்போ மைதானத்துக்கு வெளியே குளிரில் நின்றோம். 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் நாங்கள் எடுத்த முதல் ரிசீவர். பெயர் வந்ததும் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். தேவையானதைத் தேவையான நேரத்தில் எடுத்தாயிற்று என்று எல்லாருக்கும் ஆனந்தம். லீக் ஆட்டங்கள் முடியும்வரை கோல்டன் ஒரு டச்டவுன்கூடப் பிடிக்கவில்லை. முதலாவதைப் பிடித்தது அந்தச் சிகாகோ ஆட்டத்தில். அவரைக் குறை சொல்லவில்லை, 22 வயசுப் பையன். ஏப்ரலில் இருக்கிற ஓட்டையை அடைக்க எடுத்த ஆள் பழுத்து வருவதற்குள் ஓட்டை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. எங்களுக்குப் போன டிசம்பரில் ரிசீவர் போதாமலா போனது? நடுவில் நின்று தடுக்க ஆள் போதவில்லை.

நீ உடனே 1989-ஐ எடுப்பாய், தெரியும். இரண்டாவது இடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் டோனி மாண்டரிச்சை எடுத்தோம். அந்த வருஷத்து முதல் ஐந்து பேரில் ட்ராய் எய்க்மன், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியோன் சாண்டர்ஸ் நால்வரும் கால்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஒருவர் எங்களுடையவர். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதே வருஷம் நீங்கள் உங்கள் நட்சத்திர வீரர் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குத் தள்ளிவிட்டு, வந்த தேர்வுகளை வைத்து மூன்று சூப்பர் பவுல் கோப்பைகள் வென்றீர்கள். பார்சன்ஸை அனுப்பியபோது உங்கள் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் அந்தக் கதையைத்தான் திரும்ப எடுத்தார். எடுக்கட்டும். ஆனால் கையில் இருக்கும் சீட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று ஏப்ரல்வரை யாருக்கும் தெரியாது. பார்சன்ஸ் யார் என்று எனக்குத் தெரியும். மேலே உள்ள தேர்வுகளுக்கு அணிகள் தகுதிக்கு மிஞ்சிய விலை வைக்கின்றன என்று, நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தாலரும் கேட் மாஸியும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாய், அவர்களையாவது நம்பு.

இன்னொன்று. உங்கள் அணிக்கு முதலாளியும் ஜெர்ரி ஜோன்ஸ், ஜெனரல் மேனேஜரும் அவரே. திட்ட ஒரே முகவரி. எங்கள் அணிக்கு முதலாளிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல், அதில் நானும் ஒருவன். 300 டாலர் கொடுத்து வாங்கிய பங்குப் பத்திரம் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. லாபம் கிடையாது, விற்கவும் முடியாது. அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, ‘அந்தக் காசுக்கு ஒரு அரை கிராம் தங்கமாவது வாங்கியிருக்கலாமே’ என்றார்.

உங்கள் பாடும் நன்றாக இல்லையே. ப்ரெஸ்காட்டும் லாமும் பிக்கன்ஸும் அடித்துக் குவித்தும் 7 வெற்றி, 9 தோல்வி, ஒரு டிரா. லீகிலேயே அதிகப் புள்ளிகள் விட்டுக்கொடுத்த தடுப்பு உங்களுடையது. எங்கள் கென்னி கிளார்க்கும் நியூயார்க்கிலிருந்து வாங்கிய குவின்னன் வில்லியம்ஸும் நடுவில் நிற்கிறார்கள், சுற்றி ஆள் இல்லை. இரண்டாம் வரிசையில் ஒரு லைன்பேக்கர், ஓரத்திலிருந்து பாய்ந்துவர ஒருவர், பின்னால் காவலுக்கு இருவர். நீ போட்ட பட்டியலில் எனக்கு மறுப்பில்லை. முதல் சுற்றில் உங்கள் 12-ஆவது இடம் ஒன்று, பார்சன்ஸுக்காக நாங்கள் கொடுத்த 20-ஆவது இடம் ஒன்று, இரண்டு சீட்டு வைத்திருக்கிறீர்கள். ஆனால் 12-இல் தடுப்பு ஆள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்காதே. 2021-ஐ நினைத்துக்கொள்.

எங்கள் முறை இரண்டாம் சுற்றில்தான், ஐம்பது பேர் போன பிறகு. இத்தனை உபதேசம் செய்த நானே மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். கிளார்க் போன இடத்தில் 320 பவுண்டில் அசையாத ஒரு டேக்கிள். அது கிடைக்காவிட்டால் ஒரு கார்னர். குடகுன்ஸ்ட் இரண்டையும் விட்டுவிட்டு யாரும் எதிர்பார்க்காத ஒருவரை எடுப்பார். நான் திட்டுவேன். மூன்று வருஷம் கழித்து வாயை மூடிக்கொள்வேன்.

மகளுக்கு மேடிசனில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் போகிறாள். உன் அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று நீ எழுதவே இல்லை. அதை முதலில் எழுது.

டிராஃப்ட் ஏப்ரல் 23, பிட்ஸ்பர்க்கில். வழக்கம்போல போனை ஸ்பீக்கரில் போட்டு இருவரும் சேர்ந்தே பார்ப்போம். 12 வரும்போது கூட இருக்கிறேன். 20 வரும்போது மட்டும் பத்து நிமிஷம் லைனை வைத்துவிடுவேன். எடுத்தவன் பெயரை அப்புறம் நீ சொன்னால் போதும்.

அன்புடன்,
குமார்