செருப்பு கழண்டது தெரியாம நடந்தவனுக்கு சோறு போட்டவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். யாரு பேரும் போடல, என் பேரும் வேணாம் உங்க பேரும் வேணாம், ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நெனைக்கிறவங்க சேந்து உக்காந்து பேசுற கூட்டம்) மீட்டிங்ல இருக்க வழக்கத்தையே இங்கயும் வச்சுக்குவோம். கோயில்பட்டி பக்கம், லேத் பட்டறை வேலை, வயசு 43, குடிய விட்டு 14 மாசம் ஆச்சு. பாக்குறவங்க எல்லாம் "வைராக்கியமான ஆளுப்பா"ன்றாங்க, எனக்கு சிரிப்பு வருது. வைராக்கியமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு பத்து பேரு சேந்து எனக்கு வேளாவேளைக்கு ஊட்டி விட்டாங்க, ஊசி போட்டாங்க, கண்டத வாங்கித் திங்காம கையத் தட்டி விட்டாங்க, அவ்வளவுதான் நடந்துச்சு. அந்த பத்து பேருக்கும் நேர்ல நன்றி சொல்லப் போனா "போடா போய் வேலையப் பாரு"ன்றாங்க, அதான் எழுதிட்டேன்.

மொதல்ல டீக்கடை அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுல இறங்கி வீட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்கேன், பின்னாடி "ஏய் நில்லுப்பா நில்லுப்பா"ன்னு சத்தம், திரும்பிப் பாத்தா அண்ணாச்சி கையில ஒத்தச் செருப்பு, என் செருப்புதான், கழண்டு விழுந்து இருவது அடி தள்ளி வந்திருக்கேன், எனக்குத் தெரியவே இல்ல. வெறுங்காலோட சித்திரை வெயில்ல தார் ரோட்டுல நடந்திருக்கேன், சூடும் தெரியல. போதையில போறான்னு தெருவே பாத்துச்சு, ஆனா காலைல பத்து மணி அது, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அண்ணாச்சி மட்டும்தான் "இது சரக்கு இல்லப்பா, நரம்பு, எங்க மாமாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது, டாக்டரப் பாரு"ன்னார். நான் பாக்கல. ஆனா சொன்ன மொத ஆளு அவருதான்.

அப்ப தினமும் ரெண்டு குவாட்டர், சம்பள நாள்னா மூணு. சாப்பாடுன்னு ஒண்ணு இருந்ததே எனக்கு மறந்து போச்சு. பின்னாடி ஆஸ்பத்திரில உணவு ஆலோசனை சொல்ற மேடம் பேப்பர்ல கணக்கு போட்டுக் காட்டுனாங்க, ஒரு குவாட்டர் 180 மில்லி, அதுல ஆல்கஹால் மட்டும் 60 கிராம் வரும், கிராமுக்கு 7 கலோரி, அப்ப ரெண்டு குவாட்டருக்கு 850 கலோரி கிட்ட உள்ள போயிருது, அதான் பசி எடுக்கல. ஆனா அதுல புரதம் கிடையாது, வைட்டமின் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கூடத் தின்னது மாங்காக் கீத்தும் மிக்சரும். போதாததுக்கு குடிக்கிறவன் குடல் பி1 வைட்டமின சரியா உறிஞ்சவும் செய்யாதாம். நல்லா இருக்க ஆளு ஒடம்புலயே பி1 கையிருப்பு மொத்தம் 30 மில்லிகிராம் அளவுதான், ரெண்டு மூணு வாரம் வராம போனா காலி. நான் வருசக் கணக்கா காலி.

அடுத்து மதினி. மதினி இல்லனா இத எழுத ஆளு இல்ல.

நானா ஒரு வேகத்துல நிறுத்துனேன், யார்ட்டயும் கேக்காம, டக்குன்னு (தயவுசெஞ்சு யாரும் இப்படிச் செஞ்சிராதீங்க, தினம் நெறைய குடிக்கிறவன் ஒரேயடியா நிறுத்துனா ஃபிட்ஸ் வரும், சித்தம் கலங்கும், உசுரே போகும், டாக்டர வச்சுத்தான் நிறுத்தணும்). கை நடுக்கம், வாந்தி, தண்ணி கூட தங்கல. மூணாம் நாள் என்னமோ ஒளறுறேன்னு மச்சான் பக்கத்துல ஒரு எடத்துக்கு கூட்டிட்டுப் போனாரு, தெம்புக்கு ஒரு குளுகோஸ் பாட்டில் போட்டு அனுப்பிட்டாங்க. அவங்கள முழுசா குத்தம் சொல்ல முடியாது, குடிக்கிற விசயத்த நாங்க மறைச்சுட்டோம், மானம் போகுதுன்னு. மறுநாள் காலைல கால அகட்டி அகட்டி நடக்கேன், எதப் பாத்தாலும் ரெண்டு ரெண்டா தெரியுது, எங்கம்மாவப் பாத்து "யாரு இந்தக் கெழவி"ன்னு கேட்டேனாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனாங்க. டூட்டி சிஸ்டர் "குடிப்பாரா?"ன்னு கேட்டதும் எல்லாரும் தலைய தொங்கப் போட்டுட்டு நிக்கிறாங்க, மதினிதான் முன்னாடி வந்து "பதினாறு வருசமா குடிக்காரும்மா, சாப்புடவே மாட்டாரு, நாலு நாளா வாந்தி"ன்னு ஒடச்சு சொல்லிருச்சு. அந்த ஒரு வாக்கியத்துல இருந்துதான் வைத்தியமே ஆரம்பிச்சது.

அந்த சிஸ்டருக்கு ஒரு பெரிய கும்புடு. மச்சான் மறுபடியும் "குளுகோஸ் ஏத்துங்க சிஸ்டர்"ன்னு நச்சரிச்சிருக்காரு, "மொதல்ல பி1, அப்புறம்தான் குளுகோஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு சொல்லிருச்சு அந்தப் பிள்ள. பின்னாடி டாக்டர் வெளக்குனாரு, சர்க்கரைய எரிக்கிறதுக்கே பி1 வேணும், ஏற்கனவே இல்லாத ஒடம்புல குளுகோஸ மட்டும் கொட்டுனா மிச்சம் மீதி இருக்கதும் அதுலயே தீந்து மூளைக்கு அடி விழும்னு. எனக்கு பட்டறை கணக்குல டக்குன்னு புரிஞ்சது, சூடு தணிக்கிற கூலன்ட் விடாம, வெட்டுற டூல இறக்கி ஓட்டுனா என்ன ஆகும், டூலும் போச்சு, கடையுற ஜாப்பும் போச்சு. எனக்கு வந்ததுக்கு, அதான் பி1 இல்லாம மூளைக்கு அடி விழுறதுக்கு, வெர்னிக்கின்னு பேராம். 500 மில்லிகிராம் பி1, ரத்தக் குழாய் வழியா, நாளைக்கு மூணு தடவ. சாதாரண மனுசனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஒண்ணு ஒன்றரை மில்லிகிராம் தானாம், அப்ப எம்புட்டு வறண்டு கெடந்திருப்பேன்னு பாருங்க. மாத்திரையா குடுத்தா கெட்டுப்போன குடல் அத எடுக்காது, அதான் ஊசி. கண்ணு ரெண்டு மூணு நாள்ல சரியாச்சு, நடை சரியாக ரெண்டு மாசம் ஆச்சு. அந்த வாரத்துல நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல, மேல எழுதினதெல்லாம் மத்தவங்க சொல்லித் தெரிஞ்சதுதான்.

மதினிக்கும் ஒரு திட்டு விழுந்துச்சு, அதையும் சொல்லிருதேன். ஆளு வத்திப் போயிட்டாரேன்னு மட்டன் பிரியாணி கட்டிக் கொண்டு வந்திருச்சு. வார்டுல விடல. ரொம்ப நாள் பட்டினி கெடந்த ஒடம்புல திடீர்னு நெறைய சாப்பாடு போனா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் சரசரன்னு எறங்கி இதயமே நிக்கலாமாம். ரத்தம் எடுத்து எடுத்துப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா கூட்டுனாங்க. மக்னீசியமும் கொறைவு எனக்கு, அது இல்லனா பி1 போட்டாலும் வேலை செய்யாதுன்னு அதையும் ஏத்துனாங்க. பிரியாணிய பக்கத்து பெட்டுக்காரரோட மகன் சாப்ட்டான், நல்லா இருந்துச்சாம்.

வீட்டுக்கு வந்தப்புறம் வந்துச்சு பாருங்க பத்தியம். ஈரல் கெட்டிருக்கு, முட்டை ஆகாது, பருப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, இட்லியும் மோரும்தான்னு சொந்தக்காரங்க ஆளாளுக்கு சொல்லிட்டாங்க, ஒருத்தர் தினமும் கீழாநெல்லி அரைச்சுக் கொண்டு வந்து நிக்கிறாரு. ரெண்டு வாரம் அப்படி இருந்து எந்திரிச்சு நிக்கவே முடியல. செக்கப்புக்கு போனப்ப அந்த உணவு மேடம் சத்தம் போட்டாங்க, "சார், உங்க ஈரலுக்கு இப்ப புரதம்தான் வேணும், பட்டினி போட்டா ஒடம்பு தன் சதையவே தின்னும்"ன்னு. எடைக்கு கிலோவுக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரதம், எனக்கு அப்ப 52 கிலோ, அப்ப நாளைக்கு 65 கிராமாவது வரணும். முட்டைல 6 கிராம், ஒரு கை சுண்டல், பருப்பு, பாலு, மீனுன்னு கூட்டிக் கழிச்சு எழுதிக் குடுத்தாங்க. ராத்திரி படுக்கும்போது வெறும் வயித்தோட படுக்கக் கூடாது, ஏதாவது சாப்புட்டுட்டுத்தான் படுக்கணும், கெட்ட ஈரலால ராத்திரி முழுக்க தாங்குற அளவுக்கு சேமிச்சு வைக்க முடியாதாம். அந்தச் சீட்டு இன்னும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு, மஞ்சக் கறையோட.

அவங்கதான் இன்னொண்ணு சொன்னாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பி1 இல்லாம வர்ற பெரிபெரி நோய ஆராய 1918ல நம்ம குன்னூர்லதான் ஒரே ஒரு ரூம்ல மெக்கரிசன்னு ஒரு வெள்ளக்கார டாக்டர் ஆரம்பிச்சாராம், அது வளந்து 1958ல ஹைதராபாத் போயி இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்கிது. நெல்ல அவிச்சு புழுங்கலாக்குனா தவிட்டுப் பக்கம் இருக்க பி1 அரிசிக்குள்ள எறங்கிரும், பச்சரிசிய வெள்ளை வெளேர்னு தீட்டுனா தவிட்டோட போயிரும். இத எங்கம்மாட்ட சொன்னேன். "அதுக்கு குன்னூர் வரைக்கும் போகணுமாக்கும்"ன்னுட்டு புழுங்கலரிசி சோறு வடிச்ச கஞ்சில உப்பு போட்டு ஒரு செம்பு நீட்டுச்சு. பி1 தண்ணில கரையுற சரக்கு, வடிச்சா பாதி கஞ்சியோட போயிரும், அம்மா அதைத்தான் காலங்காலமா மாட்டுக்கு ஊத்தாம எங்களுக்கு ஊத்தியிருக்கு. பதினாறு வருசமா அந்த செம்ப நான் தட்டி விட்டுட்டுப் போயிருக்கேன். அம்மாவுக்கு எப்படி நன்றி எழுதன்னு தெரியல, விட்டுர்றேன்.

பக்கத்து வீட்டு பெரியம்மா, சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் குடுத்த கை. சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஒரு கிண்ணத்துல சுண்டல், ஒரு நாள் கொண்டக்கடலை, ஒரு நாள் தட்டப்பயறு, ஒரு நாள் பாசிப்பயறு, முருங்கைக் கீரைய உருவிப் போட்டு. நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் வாசப்படில உக்காந்து ஊர்க்கதை பேசுவாங்க, கிண்ணத்த எட்டிப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பாங்க. மொத ஒரு மாசம் எனக்கு உப்பு உறைப்பு எதுவும் தெரியல, சவசவன்னு இருந்துச்சு, துத்தநாகம் கொறைஞ்சா நாக்கு அப்படித்தான் ஆகும்னு மாத்திரை குடுத்தாங்க. ஒரு நாள் சுண்டல வாயில போட்டதும் "பெரியம்மா, உப்பு கூட"ன்னேன். அந்தம்மா சண்டைக்கு வராம கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

மெடிக்கல் ஷாப் தம்பிக்கு தனியா. எங்கம்மா ஒரு பொடி பாக்கெட் வாங்கி வச்சிருந்துச்சு, குடிக்கிறவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க, குடிய மறந்துருவாருன்னு விளம்பரம், மேல என்ன இருக்குன்னே எழுதல. தம்பி அத வாங்கிப் பாத்துட்டு, இந்த மாதிரி பொடில டைசல்பிரம்னு, குடிச்சா ஒடம்புக்கு ஒத்துக்காம பண்ற மருந்து கலந்திருக்கலாம் அக்கா, அது தெரியாம ஒருத்தர் குடிச்சிட்டாருன்னா ரத்த அழுத்தம் சரிஞ்சு செத்தே கூடப் போகலாம்னு சொல்லி குப்பைல போட வச்சான். நான் தெம்புக்கு அரிஷ்டம் கேட்டேன், தர மாட்டேன்னுட்டான், பாட்டில திருப்பி லேபிள காட்டுறான், நொதிச்சதுல தானா உருவான ஆல்கஹால் எவ்வளவுன்னு அதுலயே அச்சடிச்சிருக்கு. இரும்புச் சத்து மாத்திரை, வைட்டமின் ஏ எல்லாம் ஈரல் கெட்டவங்க டாக்டர் சொல்லாம தொடக் கூடாதுன்னான். யாவாரத்த கெடுத்துக்கிட்டு என்னக் காப்பாத்துன பய. ஒரு நாள் ஒண்ணுக்கு மஞ்ச மஞ்சேர்னு போகுதுன்னு பயந்து அடிச்சுப் பிடிச்சு ஓடுனேன், மஞ்சக்காமாலை வந்திருச்சுன்னு. "கண்ணக் காட்டுங்க... வெள்ளையாத்தான இருக்கு, அது பி காம்ப்ளெக்ஸ் கலருண்ணே, பி2 அப்படித்தான் போகும்"ன்னு சிரிக்கிறான். அப்பவும் சந்தேகம்னா ரத்தம் பாத்துருங்கன்னு சேத்து சொன்னான், பாத்தேன், நார்மல்.

மீட்டிங் அண்ணன், என் ஸ்பான்சர், அதாவது எனக்கு முன்னாடி குடிய விட்டு இப்ப எனக்கு வழி காட்டுறவரு. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா எனக்கு தொண்டை இழுக்கும். ஃபோன் பண்ணா அவரு கேக்குற மொதக் கேள்வி "சாப்ட்டியா?"தான். பசி, கோவம், தனிமை, அலுப்பு, இந்த நாலுல எதுன்னு பாரு, பாதி நாள் பசியத்தான் நாம தாகம்னு நெனச்சுக்கிறோம்பாரு. பையில எப்பவும் கடலை மிட்டாய் வச்சுக்கச் சொன்னாரு. நம்ம ஊருல அதுக்கா பஞ்சம், 2020ல புவிசார் குறியீடே வாங்கிட்டோம், கடலைல பி1, பி3, மக்னீசியம், புரதம் எல்லாம் இருக்கு, வெல்லம் அந்த இனிப்பு வெறிய அடக்கும். ஆறு மணிக்கு ரெண்டு பர்பி, கடக் முடக்குன்னு, ஏழு மணி தாண்டிருச்சுன்னா அன்னைக்கு தப்பிச்சேன்.

நடுவுல எனக்கு வைட்டமின் பைத்தியம் பிடிச்சது, இதுலயே எல்லாம் சரியாயிரும்னு டப்பா டப்பாவா வாங்கலாம்னு கெளம்பிட்டேன். அண்ணன் ஒரே போடா போட்டாரு, ஏஏவ ஆரம்பிச்ச ரெண்டு பேருல ஒருத்தர் பில், அவரே 1960கள்ல நயாசின், அதான் பி3, அத பெருசா நம்பி எல்லாருக்கும் சொன்னாரு, ஏஏ அத தன்னோட வழியா ஏத்துக்கல, அதிக டோஸ் நயாசின் ஈரலையே கெடுக்கும்னு. "மாத்திரை ஒடம்ப நிமித்தும், குடிக்காம இருக்கது நீ தான் இருக்கணும்"ன்னாரு. இப்ப டாக்டர் எழுதினது மட்டும், பி1 100 மில்லிகிராம், பி காம்ப்ளெக்ஸ், முன்னாடி ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் இருந்துச்சு, இப்ப நிறுத்தியாச்சு.

பட்டறை முதலாளிக்கு என்ன சொல்ல. மூணு மாசம் நான் வேலைக்கு வராதப்பவும் என்ன நிப்பாட்டாம வச்சிருந்தாரு, வந்தப்புறமும் லேத்த தொட விடல, வெர்னியர் காலிப்பர கையில குடுத்து "இத அள"ம்பாரு, கை ஆடும், தினம் ஒரு தடவ அளக்க விட்டு ஒண்ணும் சொல்லாம வாங்கி வச்சிருவாரு. பதினோரு மணிக்கு எனக்கு மட்டும் வாழப்பழமும் முட்டையும் வரும். ஒரு நாள் அளந்து சொன்னேன், அவரு தானும் ஒரு தடவ அளந்து பாத்துட்டு, மெஷின் சுவிட்ச கண்ணக் காட்டுனாரு.

கால் இன்னும் முழுசா சரியாகல, ராத்திரி எரிச்சல் இருக்கு, நரம்பு மெதுவாத்தான் வரும், முழுசா வரலாம் வராமயும் போகலாம்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா போன மாசம் டீக்கடைக்கு முன்னாடி செருப்பு கழண்டுச்சு, தார் சுருக்குன்னு சுட்டுச்சு, நானே திரும்பி எடுத்து மாட்டிக்கிட்டேன். அண்ணாச்சி டீ ஆத்திக்கிட்டே பாத்துட்டுத்தான் இருந்தாரு.

அம்மா கூப்புடுது, தட்டுல சோறு போட்டாச்சாம். ரெண்டு அவிச்ச முட்டை இருக்கும், ரெண்டாவது முட்டையோட மஞ்சக்கருவ மட்டும் எம்பொண்ணு வாயில ஊட்டிருவேன், இத யாரும் அந்த மேடம்ட்ட போட்டுக் குடுத்துராதீங்க.