சி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டருக்கு டிவிடி அனுப்பியது, அலைய விட்டது, மரியாதை இல்லாமல் பேசியது குறித்துப் புகார்

அனுப்புநர்: எடை மேடை உரிமையாளர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

ஐயா / அம்மா,

வணக்கம். 2007-ல் என் வீட்டுக்காரர் உங்கள் கம்பெனியில் 50 டன் எடை மேடை வாங்கினார். மேடை, எடையைக் காட்டுகிற இண்டிகேட்டர், கம்ப்யூட்டர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எல்லாம் நீங்களே கொண்டுவந்து நீங்களே மாட்டிக் கொடுத்தவை. மேடையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினேழு வருஷமாக முத்திரை போட வருகிற அதிகாரிகள் எடைக்கல்லை ஏற்றிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் புகார் நீங்கள் அனுப்பிய இரண்டு டிஸ்க் மேலும், அதை அனுப்பிவிட்டு என்னை நாயாக அலைய விட்ட உங்கள் ஆட்கள் மேலும்தான்.

மே கடைசியில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற தம்பி, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டி, தன்னிடம் இருந்த சி.டி.யைப் போட்டு விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றிக் கொடுத்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். நீங்கள் மாட்டிய அதே சி.டி. டிரைவில்தான் ஒரே சாயங்காலத்தில் எக்ஸ்பி முழுசாக ஏறியது. மறுநாள் காலையில் அதே டிரைவில் முருகன் பாட்டு சி.டி.யும் பாடியது. டிரைவ் நன்றாக இருக்கிறது.

பாக்கி உங்கள் எடை சாஃப்ட்வேர் மட்டும்தான். 2007-ல் கொடுத்த சி.டி.யை பீரோவில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தின மாதிரி ஏழெட்டு இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. பேர் அச்சடித்த மேல்பக்கத்தில் பூச்சு உரிந்துவிட்டது. சரி, அது உங்கள் தப்பு இல்லை. போன் செய்தேன். புது டிஸ்குக்கு ஜி.எஸ்.டி.யோடு 1,180 ரூபாய் என்றார்கள். மறுபேச்சு பேசாமல் அனுப்பினேன். அது ஜூன் 3.

ஜூன் 6 டிஸ்க் வந்தது. மேலே உங்கள் கம்பெனி பேர் போட்ட பளபளப்பான பேப்பர் ஸ்டிக்கர். உள்ளே போட்டேன். பச்சை விளக்கு மினுக்கியது, உள்ளே ஏதோ தேடுகிற மாதிரி 'கிர்ர்... கிர்ர்' என்று இரண்டு மூன்று தடவை சுற்றியது, நின்றது. டிஸ்கைப் போடவும் என்று திரையில் வந்தது. போட்ட டிஸ்க் உள்ளே இருக்கும்போதே போடச் சொல்கிறது! எடுத்துப் போட்டேன், துடைத்துப் போட்டேன், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டேன். அதே கதைதான்.

உங்கள் கஸ்டமர் கேருக்கு அன்றைக்கே மூன்று தடவை பேசினேன். முதலில் பேசிய பெண் தங்கமாகத்தான் பேசினாள். டிஸ்கைத் துணியால் வட்டமாகத் துடைக்கச் சொன்னாள். வட்டமாகத் துடைக்கவே கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும், வட்டமாகக் கீறல் விழுந்தால் எழுதின கோட்டின் மேலேயே விழும் என்று சர்வீஸ் தம்பி பிற்பாடு சொன்னார். அடுத்து லென்ஸ் கிளீனர் வாங்கச் சொன்னாள். கிருஷ்ணகிரி போய் 150 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மூன்றாவது தடவை, சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு சேலம் சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னாள்.

போனேன். என் சைசுக்கு அந்த சி.பி.யு. லேசான சாமான் இல்லை. சேலம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக் கிழவி "என்னா சாமி, கைப்பிள்ளையாட்டம் வெச்சிருக்க?" என்றாள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ஒன்றரை மணி நேரம் நின்றது வண்டி. அது உங்கள் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் கூப்பிடாவிட்டால் நான் எதற்குத் தொப்பூரில் வெயிலில் கிடக்கிறேன்?

சேலத்தில் இன்ஜினியர் நாமக்கல் போய்விட்டாராம். கவுண்டரில் இருந்தவர் என் சி.பி.யு.வைத் தொடக்கூட இல்லை. டிஸ்கை மட்டும் வாங்கித் தன்னுடைய லேப்டாப்பில் போட்டார். திறந்தது. "ஓப்பன் ஆகுதே மேடம். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. உங்க சிஸ்டம்தான் பழசு." "சிஸ்டம் உங்க கம்பெனி மாட்டினதுதானே, இதுல போட்டுப் பாருங்க" என்றேன். இங்கே மானிட்டர் கேபிள் இல்லை என்றார். கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் மானிட்டர் கேபிள் இல்லை! எட்டு நிமிஷம். போக வர இருநூறு கிலோமீட்டர், ஒரு முழுநாள், எட்டு நிமிஷம்.

மறுநாள் திரும்பவும் போன் செய்தேன். இந்தத் தடவை ஓர் ஆள் எடுத்தான். ஆர் போட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும். டிவிடியா சி.டி.யா, டிரைவ் என்ன மாடல், ஒன்றும் கேட்கவில்லை. நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் குறுக்கே புகுந்து, "அம்மா, இது கம்ப்யூட்டர் விஷயம். வீட்ல ஆம்பளை யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றான்.

வீட்டில் ஆம்பளை இல்லை. 2019-ல் போய்விட்டார். அவர் இருந்த காலத்திலும் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது நான்தான். 2007-ல் மாட்ட வந்த உங்கள் இன்ஜினியர் இரண்டு நாள் இருந்து எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு இல்லை. காலி எடை, லோடு எடை, வண்டி நம்பர், மூன்று காப்பி சீட்டு, கார்பன் நகர்ந்தால் எப்படிச் சரி செய்வது, எல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஆளிடம் இதைச் சொன்னேன். "அப்ப அந்தக் கம்ப்யூட்டரைக் காயலான் கடையில போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்று வைத்துவிட்டான். உங்களிடம் போன் பேச்சுகள் பதிவாகும் என்று ஒவ்வொரு தடவையும் டேப் சொல்கிறதே, ஜூன் 11 காலை பதினொன்றரை மணிப் பதிவைத் தயவுசெய்து நீங்களே உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்த சர்வீஸ் தம்பி திரும்பி வந்ததும் டிஸ்கைக் கையில் வாங்கினார். கம்ப்யூட்டரில் போடவே இல்லை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார், அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். "அக்கா, இது டிவிடி. அடியில ஊதா அடிக்குது பாருங்க. ஓரத்துல நடுவால ஒரு கோடு ஓடுது பாருங்க, ரெண்டு தகட்டை ஒட்டினது. உங்களுது வெறும் சி.டி. டிரைவ், முன்னாடி 52 எக்ஸ்னு போட்டிருக்கே. அதோட லேசர் டிவிடி எழுத்தைப் படிக்கவே படிக்காது" என்றார். உங்கள் ஸ்டிக்கர் மறைக்காமல் இருந்திருந்தால் டிஸ்கின் மேலேயே டிவிடி என்று போட்டிருப்பதை நானே படித்திருப்பேன்.

அவர் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது இன்னொரு கூத்து. உள்ளே இருப்பது மொத்தம் 96 எம்.பி. ஒரு சி.டி. 700 எம்.பி. பிடிக்கும். 96 எம்.பி.க்கு எதற்கு 4.7 ஜி.பி. டிவிடி? மாங்காய் ஒரு கூடை ஏற்ற பத்து சக்கர லாரி அனுப்பின மாதிரி இருக்கிறது.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கம்ப்யூட்டரை மாட்டியது நீங்கள். என்ன டிரைவ் மாட்டினோம் என்பது 2007-ல் நீங்கள் எழுதி, என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. அதன் ஒரு காப்பி என்னிடம் இருக்கிறது, இத்தோடு வைத்திருக்கிறேன், ஆறாவது வரியைப் பாருங்கள். டிஸ்க் எழுதும் முன்னால் யாராவது ஒருவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்திருந்தால் எனக்குச் சேலமும் இல்லை, லென்ஸ் கிளீனரும் இல்லை, அந்த ஆளின் பேச்சும் இல்லை.

மறந்துவிட்டேன், இதற்கு நடுவில் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள் என்றும் கேட்டேன். கம்பெனி பாலிசி இல்லையாம். டிவிடியிலிருந்து நாங்களே சி.டி.க்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்றால், காப்பி செய்தால் லைசன்ஸ் போய்விடுமாம். சி.டி.தான் வேண்டும் என்றால் இன்னொரு 1,180 கட்ட வேண்டுமாம். தப்பான சாமானை அனுப்பியது நீங்கள், சரியான சாமானுக்குக் காசு கட்டுவது நான். சீசன் ஓடுகிறதே என்று அதையும் கட்டினேன்.

இரண்டாவது டிஸ்க் ஜூன் 17 வந்தது. சி.டி.தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். உள்ளே சுற்ற ஆரம்பித்ததும் மாவு மில் மாதிரி சத்தம். மேஜையே அதிர்ந்து, பிரிண்டர் மேல் வைத்த பேனா உருண்டு விழுந்தது. டிஸ்க் காலி என்று காட்டியது. தம்பியின் லேப்டாப்பில் மட்டும் ஃபைல் தெரிகிறது. எழுதியவர் கடைசியில் டிஸ்கை மூடவில்லை, அதாவது எழுதி முடிந்தது என்று பதிக்கிற 'ஃபைனலைஸ்' வேலையைச் செய்யவில்லை, மூடாத டிஸ்கை எழுதவும் தெரிந்த புது டிரைவ் படித்துவிடும், பழைய டிரைவ் படிக்காது என்றார் தம்பி. நீங்கள் விற்கிற சாமான்தானே, டிஸ்கை மூடிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று நானா சொல்லித்தர வேண்டும்?

போன் செய்தால் ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டுப் போடச் சொன்னார்கள். பிரித்தேன். ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் பாளம் பாளமாகக் கையோடு வந்துவிட்டது. இப்போது அது கண்ணாடித் தட்டு, அந்தப் பக்கம் என் விரல் தெரிகிறது. உடனே என்ன பதில் தெரியுமா? "நீங்க ஏன் மேடம் பிரிச்சீங்க? டேமேஜ் ஆனா மறுபடி 1,180."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் தம்பியைக் கூப்பிட்டு, உங்கள் டிவிடியில் இருந்ததை அப்படியே ஒரு சாதா சி.டி.யில் மெதுவான வேகத்தில் எழுதி, மூடிக் கொடுக்கச் சொன்னேன். ஆமாம், காப்பி செய்தேன். வேண்டுமானால் வழக்குப் போடுங்கள். சி.டி.க்கு இருபது ரூபாய். அதே பழைய டிரைவில், நாலே நிமிஷத்தில் சாஃப்ட்வேர் ஏறிவிட்டது.

இப்போது சாஃப்ட்வேர் வேலை செய்ய ஆக்டிவேஷன் கோடு, அதாவது திறவு எண், கேட்கிறது. கோடு பதிவு செய்த நம்பருக்குத்தான் வருமாம். பதிவு செய்த நம்பர் என் வீட்டுக்காரருடையது, அந்த சிம் போய் நாலு வருஷம் ஆகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டும் மெயிலில் அனுப்பிவிட்டேன். ஐந்து நாளாகப் பதில் இல்லை.

இங்கே சீசன் உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. ஜூனில் பெங்களூரா மாங்காய் சந்தூர், மத்தூர், பர்கூர் பக்கமிருந்து கூழ் ஃபேக்டரிக்குப் போகும். நாளைக்கு நாற்பது வண்டி என் மேடையில் ஏறும், வண்டிக்கு நூறு ரூபாய். இருபது நாள் போய்விட்டது. நஷ்டம் அறுபதாயிரத்துக்குக் குறையாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர் எடை காட்டத்தான் செய்கிறது, கையால் எழுதித் தருகிறேன், தெரிந்த டிராக்டர்காரர்கள் நாளுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். ஆனால் ஃபேக்டரி கேட்டில் கைச்சீட்டை வாங்க மாட்டேன் என்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் ஹைவேயில் இருக்கிற புது மேடைக்குப் போய்விட்டார்கள். ஒரு தடவை பழகிய டிரைவர் திரும்பி வருவானா?

எனக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை. உங்கள் கம்பெனி மேல் எங்கள் வீட்டில் மரியாதை உண்டு, என் வீட்டுக்காரர் நாலு பேருக்கு உங்கள் மேடையைச் சிபாரிசு செய்திருக்கிறார். அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். கோடு இந்த வாரத்துக்குள் என் நம்பருக்கு வர வேண்டும். இரண்டு டிஸ்குக்கும் கட்டிய 2,360 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், லென்ஸ் கிளீனர் 150-ஐயும் சேர்த்து. ஜூன் 11 பேசிய ஆள் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், சும்மா 'வருந்துகிறோம்' என்கிற கம்பெனி மெயில் எனக்கு வேண்டாம்.

நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிவேன். அதற்கும் மசியாவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வியாபாரத்துக்கு வாங்கியது செல்லாது என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதும் தெரியும். சொந்தத் தொழில் செய்து அதில்தான் பிழைக்கிறவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான் என்று வக்கீலைக் கேட்டுவிட்டேன். 2,360 ரூபாய் விஷயத்துக்கு அங்கே கட்டணமும் கிடையாது. உரிந்துபோன டிஸ்கையும் ஸ்டிக்கரோடு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், உங்களுக்கு அனுப்ப மாட்டேன், அது ஆணையத்துக்கு வேண்டும். போட்டோ மட்டும் இத்தோடு இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் போன் செய்யலாம். வண்டி ஏறும்போது மட்டும் ஒரு நிமிஷம் காத்திருங்கள். எடுப்பது நான்தான், வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
எடை மேடை உரிமையாளர்,
காவேரிப்பட்டணம்.