அந்தக் கதவு இல்லை, பெரியப்பா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். முழங்கால் எப்படி இருக்கிறது? வாக்கர் இல்லாமல் திண்ணை வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்று தம்பி சொன்னான். சந்தோஷம்.

"ஜெர்மனிப் பயணத்தைப் போனில் சொன்னால் போதாது, எழுது, நம் சபைப் பிள்ளைகளும் படிக்கிற மாதிரி எழுது" என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே ஒரு கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரசங்கங்களில் முப்பது வருஷமாக வந்துபோன மூன்று உதாரணங்கள் அடிபட்டுப் போயின.

முதலாவது, கதவு. "விட்டன்பெர்க் போனால் அந்தக் கதவைத் தொட்டுவிட்டு வா" என்று சொல்லி அனுப்பினீர்கள். 1517 அக்டோபர் 31 அன்று, சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 வாக்கியங்களை அடித்து மாட்டியதாகச் சொல்லும் மரக்கதவு இப்போது இல்லை. 1760-இல், ஏழாண்டுப் போரின்போது, கோட்டை ஆலயத்தோடு சேர்ந்து எரிந்துவிட்டது. இப்போது இருப்பது 1858-இல் வைத்த வெண்கலக் கதவு. 95 வாக்கியங்களையும் அதிலேயே லத்தீனில் வார்த்திருக்கிறார்கள். முன்னால் கம்பி வேலி. தொட வழியில்லை. வேலிக்கு வெளியே நின்று எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரும் செல்ஃபி எடுத்துக்கொண்டோம். உள்ளே லூத்தரின் கல்லறையும் அவருடைய தோழர் மெலாங்க்தனின் கல்லறையும் இருக்கின்றன. அங்கே கொஞ்சம் நிம்மதியாக நிற்க முடிந்தது.

இரண்டாவது, மைக்கறை. ஐசனாக் ஊருக்கு மேலே மலையில் வார்ட்புர்க் கோட்டை. 1521 மே முதல் மறு வருஷம் மார்ச் வரை லூத்தர் தாடி வளர்த்துக்கொண்டு, "யுங்கர் யோர்க்" என்று பெயரை மாற்றிக்கொண்டு அங்கே ஒளிந்திருந்தார். பிசாசின் மேல் அவர் மைக்கூட்டை எறிந்தார், கறை இன்னும் சுவரில் இருக்கிறது என்பீர்களே, ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் நினைவுக்காகச் சுரண்டிச் சுரண்டி எடுத்துப் போனார்களாம். அவ்வப்போது புதிதாகக் கறை பூசியும் வைத்தார்களாம். கடைசியில் அதையும் விட்டுவிட்டார்கள். வெறும் பலகைச் சுவர், ஒரு மேஜை, ஒரு அடுப்பு, கால் வைத்துக்கொள்ளத் திமிங்கலத்தின் முதுகெலும்புத் துண்டு ஒன்று. புதிய ஏற்பாடு முழுவதையும் ஏறக்குறைய பதினோரு வாரத்தில் அவர் ஜெர்மனுக்குக் கொண்டுவந்த அறை அதுதான். எனக்கு மைக்கறையை விட அந்தப் பதினோரு வாரம்தான் பெரிதாகப் படுகிறது. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தவே எனக்கு அதில் பாதி ஆகிறது.

மூன்றாவது, மரணப்படுக்கை. ஐஸ்லேபனில் 1483-இல் பிறந்தவர், ஒரு வழக்கைத் தீர்த்து வைக்கப் போன இடத்தில், 1546 பிப்ரவரி 18 அன்று அதே ஊரில் இறந்தார். "லூத்தர் இறந்த வீடு" என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போய்ச் சவப்போர்வையை எல்லாம் பார்த்து, மனசு கனத்து வெளியே வந்த பிறகு வழிகாட்டி சொல்கிறார்: உண்மையில் அவர் இறந்தது இந்த வீட்டில் இல்லை, சந்தைச் சதுக்கத்தில் இருந்த வேறொரு வீட்டில். அந்த இடத்தில் இப்போது ஹோட்டல். பழைய வரலாற்றுக்காரர் ஒருவர் வீட்டை மாற்றி எழுதிவிட்டார், பின்னால் வந்த அரசாங்கம் அதை நம்பி வாங்கிவிட்டது. ஊரில் சர்வே எண் குழப்பம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அவர் கடைசியாக எழுதி வைத்த துண்டுச்சீட்டின் வாசகம் மட்டும் மாறவில்லை: "நாம் பிச்சைக்காரர்கள், அதுவே உண்மை." இதை மட்டும் பிரசங்கத்தில் தாராளமாகச் சொல்லுங்கள்.

விட்டன்பெர்க் பட்டணத்து ஆலயத்தை ஒருநாளும் மறக்க மாட்டேன். லூத்தர் வாரந்தோறும் பிரசங்கம் செய்த இடம் அதுதான், கோட்டை ஆலயம் இல்லை. பீடத்தின் பின்னால் ஓவியர் கிரானாக்கின் பட்டறையில் வரைந்து 1547-இல் வைத்த படம். ஒரு பக்கம் மெலாங்க்தன் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். அவர் குருப்பட்டம் பெறாதவர், பேராசிரியர்! நம் சபையில் அப்படி வரைந்தால் சும்மா விடுவார்களா? கீழ்ப்படத்தில் ஒரு ஓரம் லூத்தர் பிரசங்க மேடையில், மறு ஓரம் சபை மக்கள், கூட்டத்தில் அவர் மனைவி கேத்தரீனா. நடுவில் பெரிய காலி இடம், அதில் சிலுவையில் இயேசு மட்டும். லூத்தர் தன்னைக் காட்டவில்லை, அவரைச் சுட்டிக்காட்டுகிறார். அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வெளியே வந்தோம். அதே ஆலயத்தின் தென்கிழக்கு மூலையில் அண்ணாந்து பார்த்தால் ஒரு கல் சிற்பம். ஒரு பன்றி, அதன் மடியில் பால் குடிக்கும் யூதர்கள். லூத்தருக்கும் முந்தைய காலத்தது. ஆனால் லூத்தர் 1543-இல் யூதர்களைப் பற்றி எழுதிய புத்தகங்களைப் படித்தால், அந்தச் சிற்பம் அவர் தலைக்கு மேல் சும்மா இருக்கவில்லை என்பது தெரியும். ஜெப ஆலயங்களை எரிக்கச் சொல்கிறார், பெரியப்பா. வீடுகளை இடிக்கச் சொல்கிறார். சிற்பத்துக்கு நேர் கீழே தரையில், 1988-இல், வதைக்கப்பட்ட யூதர்களின் நினைவாக ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். சிற்பத்தை எடுக்கச் சொல்லிப் போட்ட வழக்கு மேல் நீதிமன்றம் வரைக்கும் போய், 2022-இல், அது அங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பானது. எடுத்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்த மூலைக்கே வரவில்லை, காபி குடிக்கப் போய்விட்டார்கள். வருத்தம் அவர்கள் மேல் இல்லை. ஞாயிறு பள்ளியில் பதினாலு வருஷம் இருந்தேன், சீர்திருத்தத் திருநாளுக்கு நாடகம் எல்லாம் போட்டோம், ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே. உங்களுக்குத் தெரியும், இல்லையா? தெரிந்திருக்கும்.

அதனால்தானோ என்னவோ, பெர்லினில், ஹிட்லரை எதிர்த்த போதகர் போன்ஹோஃபர் வீட்டுக்குப் போனபோது மூச்சு திரும்ப வந்தது போல் இருந்தது. மரியன்புர்கர் அல்லே, 43-ஆம் எண். அவருடைய பெற்றோரின் வீடு, மேல்மாடியில் அவருக்கு ஒரு அறை. எழுதிய ஒரு கட்டுரையைக் கூரை உத்தரத்தில் ஒளித்து வைத்திருந்தார். 1943 ஏப்ரல் 5 அன்று இங்கேதான் கைது செய்தார்கள், இரண்டு வருஷம் கழித்து 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்புர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். வயது 39. காந்தி 1934-இல் அவருக்கு ஆசிரமத்துக்கு வந்து தங்கலாம் என்று கடிதம் எழுதியிருந்தார். அவர் வரவில்லை. ஹிட்லருக்கு அடங்காத சபைக்குப் போதகர்களைத் தயார் செய்யும் வேலை வந்துவிட்டது. லூத்தர் எழுதியதையும் படித்த அதே லுத்தரன், யூதர்களுக்காகப் பேசியவர். இரண்டு பேரையும் ஒரே பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவது லேசில்லை.

சரி, ஹாலே. நடுவழியில்தான் வந்தது, ஆனால் கடைசிக்கு என்று வைத்திருக்கிறேன்.

பயண நிறுவனத்தார் ஹாலேக்கு ஒதுக்கியது இரண்டு மணி நேரம். நீங்கள் வர முடியாமல் போனபோது உங்கள் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்ற அதே ஆட்கள்தான். லைப்சிக்கில் கடை வீதிக்கு மூன்று மணி நேரம் கொடுத்தார்கள்! தமிழ் லுத்தரன் குழுவைக் கூட்டிக்கொண்டு போய் ஹாலேக்கு இரண்டு மணி நேரம் என்றால் அவர்களுக்கு நாம் யார் என்றே தெரியவில்லை என்று அர்த்தம்.

ஹாலேயின் போதகர் ஆகஸ்ட் ஹெர்மன் பிரான்கே 1695-இல் காணிக்கைப் பெட்டியில் கிடந்த நாலு தாலர் பதினாறு குரோஷனை எடுத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் என்று சொல்வீர்களே, அந்த உதாரணம் தப்பித்தது. அது மெய். அந்தக் காசு இன்று ஒரு தெருவே ஆகியிருக்கிறது. அனாதை இல்லம், மரச்சட்டம் போட்ட நீள வீடுகள், 1728-இல் கட்டிய நூலகம், மருந்துச்சாலை, அச்சகம். அனாதை இல்லத்தின் முகப்பு உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள், கீழே ஏசாயா 40:31. ஜெர்மனில் இருந்தாலும் எண்ணைப் பார்த்தவுடன் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து..." தம்பிக்கு நீங்கள் கொடுத்த திடப்படுத்தல் வசனம். எனக்கும் ஏதோ கொடுத்தீர்கள், அது மறந்துவிட்டது. மன்னிக்கவும்.

நம் நாட்டுக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் இங்கே படித்தது கொஞ்ச காலம்தான், உடம்புக்கு முடியாமல் போய்விட்டார். ஆனால் 1706 ஜூலை 9 அன்று நம் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய பிறகு அவர் எழுதியது எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தது. அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே. அவை ரொம்பப் பெரிதாக இருந்ததால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்துத்தான் புதிய ஏற்பாட்டை 1715-இல் முடித்தார்கள். 1716-இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. அந்தச் சமயம் அவர் ஐரோப்பாவுக்குப் போன பயணத்தில் அவரோடு நம்மூர் மலையப்பனும் கப்பலேறிப் போயிருந்தார். நாங்கள் நின்ற முற்றத்தில் முன்னூறு வருஷத்துக்கு முன் ஒரு தமிழர் குளிரில் நடந்திருக்கிறார். மே மாதத்திலேயே எனக்குப் பல் தந்தியடித்தது. அவர் என்ன பாடுபட்டாரோ.

இன்னொரு விஷயம், இது உங்களுக்காகவே. சீகன்பால்க் நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி, ஐயனார் முதல் மாரியம்மன் வரை, ஊராரையே கேட்டு, ஒரு பெரிய நூல் எழுதி 1713-இல் ஹாலேக்கு அனுப்பினார். பிரான்கே அச்சிட மறுத்துவிட்டார். புறமதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்ற கணக்கில் பதில். கையெழுத்துப் பிரதி அப்படியே கிடந்து, 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. 154 வருஷம்! திருக்கடையூர் திருவிழாவுக்குத் தெரியாமல் போனேன் என்று எனக்குப் பிரம்பால் இரண்டு வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஹாலேயில் நின்றுகொண்டு நினைத்தேன்: பெரியப்பா பிரான்கே கட்சி. நான் சீகன்பால்க் கட்சி.

அனாதை இல்லத்தின் உச்சி மாடியில் விசித்திரப் பொருள் கூடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்ட பிரான்கே காலத்தில் சேர்க்கத் தொடங்கியது. உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. சுற்றிலும் பழைய மர அலமாரிகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று வர்ணத்தில் வரைந்த படம். சிப்பி, பாம்பு, மண்டையோடு, செருப்பு. அதற்குள் நம் பக்கத்திலிருந்து போன சாமான்கள். அங்கே ஒரு ஓலை.

கண்ணாடிக்குப் பின்னால்தான். பழுப்பேறி, ஓரம் கொஞ்சம் அரித்து, கயிறு கோக்கும் துளையோடு. எழுத்துக்குப் புள்ளி இல்லை, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருந்தன, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து எழுத்துக்கூட்டினேன். வகுப்பில் தத்தித் தத்திப் படிக்கிற பிள்ளையை அதட்டுவேன், அன்றைக்கு நானே அந்தப் பிள்ளை. 'என்று' வந்தது. கொஞ்சம் தள்ளி 'உண்டு'. நடுவில் இருந்தது பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மா ஒருவர், "உங்களுக்கு இதைப் படிக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "முடியும், நேரம் கொடுத்தால்" என்றேன். அப்போது கீழேயிருந்து டூர் மேனேஜர் கைதட்டிக் கூப்பிட்டார். பஸ் கிளம்புகிறதாம்.

அதனால் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். இந்த மாதிரிப் பயண நிறுவனம் இனி வேண்டாம். பெர்லினிலிருந்து ஹாலேக்கு வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான், வழியிலேயே விட்டன்பெர்க். விட்டன்பெர்க்கில் ஒரு நாள் போதும், அந்தக் கல் சிற்பத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்ன சொல்கிறீர்கள் என்று நான் கேட்க வேண்டும். ஹாலேயில் மூன்று நாள். உங்களுக்கு ஓலை படிக்க என்னைவிட நன்றாக வரும். தாத்தாவின் ஓலைக் கட்டைப் பிரித்துப் படித்தவர் நீங்கள்தானே.

அந்தக் கூடம் கட்டடத்தின் உச்சி மாடியில் இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிக்காரர் சொன்ன பயிற்சியைக் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று விடாமல் செய்யுங்கள். நேற்று செய்யவில்லை என்று பெரியம்மா என்னிடம் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் மகள்